பாசலில் இறங்க வேண்டிய நிலையம்

இப்போது உங்கள் முன்னால் ஒரு திரை இருக்கிறது. இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் ரயிலும் மேடை இலக்கமும் இருக்கையும் வந்து நிற்கின்றன. எங்கள் காலத்தில் செங்கல் கனத்தில் ஒரு கால அட்டவணைப் புத்தகம் இருந்தது. ஐரோப்பா முழுவதும் அதற்குள் அடக்கம். அதைப் புரட்டிப் புரட்டி என் வலது கைப் பெருவிரலில் வந்த வலி இன்னும் போகவில்லை.

பயண முகவர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் பயிற்சி நாளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். உற்சாகமாக எழுதக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். நீங்களோ, களைத்துப்போய் வேலையை விட்ட ஒருத்தியைப் பிடித்திருக்கிறீர்கள். டிக்கெட் எழுதி நான் களைக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஆட்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் களைத்தேன். அவற்றில் ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஆக்லாந்து நகர மையத்தில், குயின் வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு சிறு தெருவில், மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. முதலாளி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. விமான டிக்கெட்டை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம், ஐரோப்பிய ரயில் என்றால் எங்களிடம்தான் வருவார்கள். இந்த நாட்டு ரயிலின் நிலைமை அப்போது எப்படி என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வெலிங்டனுக்கு ஓடும் வண்டி இருந்தது. மேற்கே நான் குடியிருந்த கிளென் ஈடன் பக்கமாகப் போகும் பழைய டீசல் பெட்டிகள் இருந்தன. மழைக்காலத்தில் அவற்றின் உள்ளேயும் ஈரமாக இருக்கும். ரயிலில் ஏறும் பழக்கமே குறைந்த ஊரில் இருந்துகொண்டு மற்ற நாடுகளின் ரயில்களை விற்றுச் சாப்பிட்டோம்.

ஒவ்வொரு நாட்டு ரயிலுக்கும் ஒரு குணம் உண்டு. பிரான்சின் வேக வண்டியில், கையில் ரயில் பாஸ் இருந்தாலும் இருக்கை பதிவு செய்யாமல் ஏற முடியாது. இத்தாலியில் மேடைக்குப் போகுமுன் டிக்கெட்டை இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்தாவிட்டால் அபராதம். சிங்கப்பூரின் நடுவே ஒரு ரயில் நிலையம் இருந்தது. நிலையமும் தண்டவாளமும் மலேசியாவுடையவை. ஜெர்மனியில் சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரியும். முன் பாதி ஒரு நகரத்துக்கும் பின் பாதி இன்னொரு நகரத்துக்கும் போகும். பிஜியிலிருந்து வந்து இங்கே பிளம்பராக இருந்த ஒருவர் மனைவியுடன் அப்படி ஒரு வண்டியில் போனார். காபி வாங்குவதற்கு அவர் முன் பெட்டிக்கு நடந்தபோது வண்டி பிரிந்தது. கையில் இரண்டு காபியுடன் அவர் வேறு நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மனைவியோ பதறாமல் தன் இருக்கையிலேயே இருந்து, போகவேண்டிய ஊரில் இறங்கி, பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று இங்கேயே பேசி வைத்துக்கொண்டு போங்கள் என்று புறப்படுமுன் அவர்களிடம் சொல்லியிருந்தோம். அப்படி எல்லோரிடமும் சொல்லவேண்டும் என்பது முதலாளியின் சட்டம். அவரிடமிருந்து நான் கற்றவை அதிகம். ஆனால் அவர் எதையும் உட்கார வைத்துக் கற்பித்தவர் இல்லை. தப்பாகச் சொன்னால் புருவத்தை உயர்த்துவார், அவ்வளவுதான்.

மனோகரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். கோயிலில் பழகியவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். மேற்குப் புறநகரான ரானுயியில் கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். கணவர் பஸ் ஓட்டினார். அவள் ஹென்டர்சனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். போரால் ஊரைவிட்டு அகதிகளாக வந்தவர்கள். அவளிடம் பாஸ்போர்ட் கிடையாது. இந்த நாட்டு அரசு அகதிகளுக்குக் கொடுக்கும் பயண ஆவணம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பயணம் செய்வதென்றால் எல்லைக்கு எல்லை விசா வேண்டும்.

அவளுக்கு ஒரு தங்கை, சுகந்தி. இரண்டு பேருக்கும் இடையில் பதினைந்து வயது வித்தியாசம். தாய் நோயாளி என்பதால் சுகந்தியைத் தூக்கி வளர்த்தது மனோகரிதான். சண்டை முற்றிய காலத்தில், பதினேழு வயதில், ஊரிலிருந்து சுகந்தியை அனுப்பிவிட்டார்கள். அவள் எங்கெங்கோ அலைந்து சுவிஸுக்குப் போய்ச் சேர்ந்தாள். மனோகரி இங்கே வந்தாள். எட்டு ஒன்பது வருடமாக இருவரும் தொலைபேசியில் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கிடையில் தாய் ஊரில் இறந்துபோனார். இரண்டு பேராலும் போக முடியவில்லை.

அந்த வருடம் சுகந்தியின் அகதி வழக்கு முடிவாகத் தோற்றுப்போனது. சில மாதங்களுக்குள் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்படுவாள் என்று நிச்சயமானது. அதற்கு முன் ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று மனோகரி புறப்பட்டாள். ஜெர்மனியில் ஃபிரைபுர்க் நகரத்தில் கணவரின் ஒன்றுவிட்ட சகோதரர் இருந்தார், பாரிஸில் ஒரு சின்னம்மா. அந்த இரண்டு நாடுகளின் விசாவும் கிடைத்தன. சுவிஸ் விசா மறுக்கப்பட்டது. நாட்டைவிட்டு அனுப்பப்பட இருக்கும் ஒருத்தியைப் பார்க்க, அகதி ஆவணத்தோடு வரும் இன்னொருத்திக்கு விசா கொடுக்க அவர்கள் சட்டம் இடம் தரவில்லை. அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மறுப்பு வந்த பிறகு மனோகரி அலுவலகத்துக்கு வந்தாள். பயணத்தை ரத்துச் செய்யத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நாற்காலியில் இருந்தபடி கொஞ்ச நேரம் சுவரில் இருந்த ஐரோப்பிய வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, அந்த ரெண்டு நாட்டுக்கும் நடுவில ஆறு ஒண்டு ஓடுதெல்லோ. ஆத்துக்கு இங்கால நான் நிண்டு, அங்கால அவள் நிண்டால், ஆளை ஆள் தெரியுமோ?"

ரைன் ஆறு அந்த இடத்தில் எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வேறொன்று தெரியும். சுவிஸ் நாட்டுப் பாசல் நகரத்துக்குள் ஒரு ஜெர்மன் ரயில் நிலையம் இருக்கிறது. நிலம் சுவிஸினுடையது. மேடையும் தண்டவாளமும் ஜெர்மனியுடையவை. ஜெர்மனியிலிருந்து வருபவர்கள் மேடையில் இறங்கி, படியால் கீழே போய், ஒரு சுரங்கப் பாதை வழியாக நடந்து, அதன் முடிவில் இருக்கும் பாஸ்போர்ட் சோதனையைக் கடந்த பிறகுதான் சுவிஸுக்குள் நுழைந்ததாகக் கணக்கு. சோதனைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மண்டபத்துக்குப் பாசலில் இருக்கும் யாரும் வரலாம்.

அவளுக்கு உடனே சொல்லவில்லை. நாளைக்கு வரும்படி அனுப்பிவிட்டேன். வாயில் ஒரு பதில் தயாராக இருக்கும்போது அதை ஒரு நாள் ஆறப்போடுவது நல்லது. சிட்னியில் ஐரோப்பிய ரயில்களின் பிரதிநிதியாக இருந்த ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து விசாரித்தேன். நீங்கள் சொல்வது சரிதான், சோதனையைத் தாண்டாதவரை அவர் நாட்டுக்குள் நுழையவில்லை, ஆனால் இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார்.

பிறகு முதலாளியிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். விசா மறுத்த ஒரு நாட்டின் வாசல்படிக்கு வாடிக்கையாளரை அனுப்பப் போகிறாயா என்று கேட்டார். நான் அனுப்பவில்லை, அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில் அவர் சொன்னதை நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் கடைப்பிடித்தேன். வழியைச் சொல்வதென்றால் அந்த வழியில் என்னென்ன கெட்டுப்போகலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடு; நல்ல பாதியை மட்டும் கொடுத்துவிட்டு மற்றப் பாதியை உன்னிடமே வைத்துக்கொள்ளாதே என்றார்.

மறுநாள் மனோகரிக்கு இரண்டு பாதியையும் சொன்னேன். ஃபிரைபுர்க்கில் நின்று நின்று போகும் சாதாரண வண்டியில்தான் ஏறவேண்டும், அது பாசலின் ஜெர்மன் நிலையத்தோடு முடிந்துவிடும். வேக வண்டியோ அங்கே சற்று நின்றுவிட்டு ஆற்றைக் கடந்து சுவிஸின் பெரிய நிலையத்துக்குப் போகும். அதிலிருந்து இறங்கத் தவறினால் விசா இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்த குற்றம். சோதனை அதிகாரியிடம் எதையும் மறைக்கக்கூடாது. விசா இல்லை, உள்ளே வரப்போவதில்லை, என் தங்கை அங்கே நிற்கிறாள், அவளோடு கதைக்க விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றால் வாதாடாமல் திரும்பிவிட வேண்டும். மனோகரி அந்த வாக்கியத்தை என் முன்னாலேயே பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

கடைசியாக ஒன்றைச் சொன்னேன். சுகந்தியை உங்கள் பக்கம் வர விடாதீர்கள் என்றேன்.

"வந்தால் என்ன அக்கா?" என்று கேட்டாள்.

வந்தால் சுவிஸ் அவளைத் திரும்ப எடுக்காமல் விடலாம், ஜெர்மனியில் அவளுக்கு எந்த உரிமையும் இல்லை, பிடிபட்டால் நீங்கள் அவளைக் கடத்தியதாக ஆகும், உங்கள் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், உங்கள் ஆவணமும் பறிபோகலாம் என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். வரைபடத்தின் பக்கம் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அவள் புறப்பட்டுப் போனாள். இங்கே ஜூலை மாத மழை. ஒரு பின்னேரம் அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. முதலாளி கோட்டைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றார். ஐரோப்பாவில் அப்போது காலை. ஃபிரைபுர்க் நிலையத்தின் தொலைபேசிக் கூண்டிலிருந்து மனோகரி கதைத்தாள். பின்னால் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"அக்கா, நீங்கள் சொன்ன வண்டி இண்டைக்கு இல்லையாம். தண்டவாளத்தில வேலையாம். இப்ப வாறது வேக வண்டி. அதிலயும் பாசல் எண்டு போட்டிருக்கு. ஏறட்டோ?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அடுத்த சாதாரண வண்டி வெகுநேரம் கழித்து. சுகந்தி மதியத்துக்குள் தான் இருந்த அகதிகள் முகாமுக்குத் திரும்பிக் கையெழுத்திட வேண்டும். அக்காவோடு பேசி வைத்தபடி அவள் இந்நேரம் பாசல் நிலையத்தில் வந்து நிற்பாள். அந்த நாளில் யார் கையிலும் மொபைல் போன் இல்லை. அடுத்த நாள் மனோகரிக்குப் பாரிஸ் வண்டி, அங்கிருந்து விமானம்.

இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு பதில்கள் உடனே வாய்க்கு வரும். வேண்டாம் என்றால் எனக்கு ஆபத்தில்லை. ஒன்றும் ஆகாது, ஏறுங்கள் என்றால் அவளுக்குச் சந்தோஷம். இரண்டையும் விழுங்கிவிட்டு, கையில் என்ன சாமான் இருக்கிறது என்று கேட்டேன். ஒரு சூட்கேசும், தங்கைக்குக் கொண்டுவந்த பையும் என்றாள். சூட்கேசை நிலையத்தின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டும்படி சொன்னேன். அதற்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

"ஏறின உடன கதவடியில நில்லுங்கோ. இடம் இருந்தாலும் இருக்கவேண்டாம். ஆர் என்ன சொன்னாலும் கதவை விட்டு அசையாதேங்கோ. முதல் வாற பாசல்தான் உங்கட இடம். பலகையில பாசலுக்குப் பக்கத்தில மூண்டு எழுத்துச் சொல்லு ஒண்டு இருக்கும். இங்கிலிசில வாசிச்சால் கெட்டது எண்டு வரும்."

"கெட்டது எண்டு எழுதியிருக்கிற இடத்திலயோ இறங்கிறது?"

"ஓம். அதை விட்டால் அடுத்தது சுவிஸ். அங்க உங்களைப் பிடிச்சால் இஞ்ச இருந்து என்னால ஒண்டும் செய்ய ஏலாது. அது விளங்குதோ?"

"விளங்குது" என்றாள். தொலைபேசி அட்டையில் காசு முடிந்து இணைப்பு அறுந்தது. அவள் ஏறினாளா இல்லையா என்று தெரியவில்லை.

தமிழில் கதைத்ததால் முதலாளிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது; வண்டி மாறியதைச் சொன்னேன். இறங்கத் தவறினால் என்ன ஆகும் என்று சொன்னாயா என்று மட்டும் கேட்டார். சொன்னேன் என்றேன். அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தார். இரண்டு பேரும் குடித்தோம். தொலைபேசி மறுபடி அடிக்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மற்றவர்களுக்கு டிக்கெட் எழுதினேன். வடக்குப் புறநகரான ஆல்பனியிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு வெனிஸ் வண்டியில் ஜன்னலோர இருக்கை வேண்டும் என்று பெரிய வாக்குவாதம். அதையும் பொறுமையாகச் செய்து கொடுத்தேன். அந்தப் பொறுமைதான் இந்த வேலையில் ஆளைத் தின்பது.

மனோகரி திரும்பி வந்து சில நாட்களில் அலுவலகத்துக்கு வந்தாள். உள்ளே இருக்க மனமில்லை என்று என்னை வெளியே கூப்பிட்டாள். படகுத்துறைப் பக்கம் போய் ஒரு வாங்குப் பலகையில் இருந்தோம். அங்கேதான் சொன்னாள்.

வண்டியில் கதவடியிலேயே நின்றிருக்கிறாள். டிக்கெட் பார்ப்பவர் வந்து உள்ளே இடம் இருக்கிறது, போய் இருங்கள் என்று கை காட்டினாராம். சிரித்துவிட்டு நின்றாளாம். சரியான நிலையத்தில் இறங்கி, படி இறங்கி, சுரங்கப் பாதையில் நடந்தாள். முடிவில் சோதனை மேசை. அதற்கு அப்பால் மண்டபத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணை அவள் கண் தேடியது. கழுத்தளவு வெட்டிய தலைமுடியோடு நீல நிற ஜாக்கெட் போட்ட ஒருத்தி கையை உயர்த்தியபோதும் அது சுகந்தி என்று அவளுக்குத் தெரியவில்லை. தங்கைதான் அக்காவை முதலில் அடையாளம் கண்டாள்.

அதிகாரி ஆவணத்துக்குக் கையை நீட்டியதும் மனோகரி பாடமாக்கிய வாக்கியத்தைச் சொன்னாள். அவர் ஆவணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் தங்கள் மொழியில் கதைத்தார்கள். பிறகு அவர், சுவரோரமாக இடுப்பளவு உயரத்தில் இருந்த ஒரு கம்பித் தடுப்பைக் காட்டி அங்கே நிற்கச் சொன்னார். சுகந்தியைத் தானே கைகாட்டிக் கூப்பிட்டு மற்றப் பக்கம் நிற்க வைத்தார். பையைத் திறந்து பார்த்தார். சட்டைகள், மிளகாய்த்தூள், மனோகரி பின்னிய கம்பளி மேலாடை. அதைச் சுகந்தியிடம் கொடுக்க விட்டார்.

கம்பிக்கு மேலால் கையைப் பிடித்தபடி இரண்டு பேரும் கதைத்தார்கள். அம்மா கடைசியில் என்ன சொன்னா என்று சுகந்தி கேட்டாள். மனோகரிக்கும் தெரியாது, அயலவர் ஒருவர் தொலைபேசியில் சொன்னதுதான். அதையே சொன்னாள். பிள்ளைகளைப் பற்றி, ரானுயி வீட்டைப் பற்றி, இங்கே குளிரா என்பதைப் பற்றிக் கதைத்தார்கள். அழவில்லை என்றாள். அழுதால் அதிகாரி நிறுத்திவிடுவாரோ என்ற பயம்.

அப்போது மேலே வேறொரு வண்டி வந்து, ஆட்கள் கூட்டமாகச் சுரங்கப் பாதையில் இறங்கினார்கள். அதிகாரிகள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். கம்பித் தடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையக்கூடிய இடைவெளி இருந்தது. சுகந்தி அதைப் பார்த்தாள். அவள் முதுகில் ஒரு பை இருந்ததை மனோகரி அப்போதுதான் கவனித்தாள். தன் உடுப்புகளையெல்லாம் அதற்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அக்கா, நான் வரட்டோ?" என்று சுகந்தி மெதுவாகக் கேட்டிருக்கிறாள்.

மனோகரி இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. படகில் ஏறும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை ஒரு காலை இடைவெளிக்குள் வைத்துவிட்டாளாம். இவள் அவளுடைய தோளில் இரண்டு கைகளையும் வைத்து மற்றப் பக்கம் தள்ளினாளாம். போ, திரும்பிப் போ என்றாளாம். சுகந்தி கம்பளி மேலாடையைக் கையில் பிடித்தபடி மண்டபத்தைத் தாண்டி வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரி வந்து ஆவணத்தைத் திருப்பிக் கொடுத்து, தங்கை எங்கே என்று கேட்டார். வேலை இருக்கிறது, போய்விட்டாள் என்றாள் மனோகரி.

"ஊரில பஸ் ஏத்திவிட்டதும் நான்தான். இப்பத் தள்ளிவிட்டதும் நான்தான்" என்றாள். பிறகு, "நீங்கள் சொன்னபடிதான் செய்தனான்" என்றாள்.

அதில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.  அவளோடு நடந்து பஸ் நிறுத்தம் வரை போனேன்.

சுகந்தியைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து இருந்தாள். சண்டையால் ஊருக்குப் போகப் பாதை இல்லை, போனாலும் யாரும் இல்லை. சோதனைக்கு வந்த பொலிஸார் ஒருமுறை அவளைப் பிடித்துக்கொண்டு போய்ச் சில நாட்கள் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் மனோகரி கோயிலுக்கு வருவாள், யாரோடும் கதைக்காமல் ஒரு தூணடியில் இருந்துவிட்டுப் போவாள். நான் கிட்டப் போகமாட்டேன். 

சொந்த நாட்டில் தனித்துப்போன, திருமணமாகாத சகோதரியை இங்கே அழைக்க அப்போது வழி இருந்தது. மனோகரி அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட்டு, கடைசியில் விசா கிடைத்தது. இந்த விடயங்களில் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் ஒருநாள் கேட்டேன். எல்லையைத் தாண்டி ஓடிய பதிவு ஒன்று இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று. மிகக் கஷ்டம் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சுகந்தி வந்து சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை, மனோகரி என்னை ரானுயிக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். கணவர் மீன் பொரித்தார். பிள்ளைகள் சின்னம்மாவுக்கு ஆங்கிலத்தில் எதையோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சுகந்தி சிரித்துக்கொண்டு தமிழில் பதில் சொன்னாள். அக்காவோடு அவள் நல்ல மாதிரித்தான் இருந்தாள். சோறு போட்டுக்கொடுத்தாள், கோப்பை கழுவினாள். ஆனால் மனோகரி ஏதாவது சொல்ல அருகில் வந்து அவள் தோளில் கை வைத்தபோது, தோளை மெல்ல விலக்கிக்கொண்டதைக் கண்டேன். மனோகரியும் அதற்குப் பழகியவள்போல் கையை எடுத்துக்கொண்டாள்.

நான் புறப்பட்டபோது மிஞ்சிய மீனைப் பொதியாகக் கட்டிக்கொண்டு கார் வரை என்னோடு வந்தது சுகந்திதான். பொதியைப் பின் இருக்கையில் வைத்துவிட்டு நின்றாள்.

"என்னை வரவிடவேண்டாம் எண்டு அக்காவுக்குச் சொன்னது நீங்களோ?"

"ஓம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அந்த அதிகாரி வேண்டுமென்றேதான் மற்றப் பக்கம் திரும்பி நின்றார் என்றாள். கூட்டம் வந்ததால் திரும்பியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அங்கே நின்றது அவள்.

"லொட்ஜில பிடிச்சுக்கொண்டு போனவை. அண்டைக்கு நான் அக்காவைத்தான் திட்டினனான். உங்களை எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் உங்களைத் திட்டியிருப்பன்." பிறகு வீட்டின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "இப்ப இஞ்ச இருக்கிறன். நீங்கள் சொன்னது சரியாத்தான் வந்திருக்கு. ஆனா அது சரிதானே எண்டு என்னட்டை ஒருநாளும் கேக்காதேங்கோ."

"கேக்கமாட்டன்" என்றேன்.

உண்மையில் அதைக் கேட்பதற்காகத்தான் நான் அன்றைக்கு ரானுயிக்குப் போயிருந்தேன் என்று வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் அந்த மேசையில் இருந்தேன். எத்தனையோ பேரை எத்தனையோ எல்லைகளைத் தாண்டி அனுப்பினேன். பெரும்பாலானவர்கள் போட்டோக்களோடு வந்து நன்றி சொன்னார்கள். அவர்களின் முகம் எனக்கு நினைவில்லை. சுகந்தியை இப்போதும் கோயிலில் காண்கிறேன். பக்கத்தில் இருந்து கதைப்போம். அவளுடைய வேலை, வீட்டு மோர்ட்கேஜ், மனோகரியின் முழங்கால் வலி. அந்தக் காலையைப் பற்றி மட்டும் இருவரும் கதைப்பதில்லை.

உங்களுக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார். தெரிந்ததை முழுதாகச் சொல்லியிருப்பீர்கள், யோசித்துச் சொல்லியிருப்பீர்கள், அது சரியாகவும் வந்திருக்கும். அவருக்கு அது போதாது. அவரை எங்காவது கண்டால் ஒளிந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் போய் இருந்து சுகம் விசாரியுங்கள். அதற்கு மேல் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை.